பார்க்காமல் மடித்த கொக்கு

1

நான் இந்த நாட்டில் இருப்பதற்குக் காரணம் என்று அரசாங்கம் எழுதி வைத்திருப்பது என் பேத்தி நிலாவின் வயதை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, அதனால் பிள்ளையின் ஆச்சி வந்து கூட இருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு ஏழு வயது ஆகும் வரைதான். அதற்குப் பிறகு பிள்ளை தானே குளித்து, தானே தலை சீவிக்கொள்ளும் என்று நினைத்திருப்பார்கள் போல. பால் பாக்கெட்டில் தேதி அடிப்பது மாதிரி எனக்கும் ஒரு அட்டையில் தேதி அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் படம் மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.

ஜப்பானுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. வரும் பங்குனியில் நிலாவுக்கு ஏழு. போன மாதம் என் மகள் செல்வி அந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"எம்மா, இந்தத் தடவ புதுப்பிச்சுத் தர மாட்டாங்கம்மா."

"ஏன், படத்துல பல்லு தெரியச் சிரிச்சிட்டேனா?"

"வெளையாடாதம்மா. பிள்ளைக்கு ஏழு முடியப் போகுதுல்லா?"

"நல்லதாப் போச்சு. உங்கப்பா அங்கன கடையில யார்கூடச் சண்ட போடன்னு தெரியாம இளைச்சிட்டாரு."

செல்வி சிரிக்கவில்லை. அவளுக்கு என் விளையாட்டுப் பேச்சு சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது.

எனக்கு ஊருக்குத் திரும்புவதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தூத்துக்குடியில் எங்கள் பலசரக்குக் கடை இருக்கிறது, கடையில் என் முக்காலி இருக்கிறது. இங்கேயும் நன்றாகத்தான் இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் எங்கள் துறைமுகத்தில் இறங்குகிற அதே இரும்புப் பெட்டிகள் இங்கேயும் இறங்குகின்றன. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கி இருந்தது. நிலாவின் பள்ளிக்கூடத்துக்குள் நான் இன்னொரு தடவை போய்வர வேண்டும், அவள் வெட்கப்படாத மாதிரி. அது நடந்த கதையைத்தான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். இதில் பிழை இருந்தால் என்னுடையது இல்லை, செல்வி திருத்தாமல் விட்டது.

2

நிலா பாலர் பள்ளியில் இருந்தபோது, தாத்தா பாட்டிகளை அழைத்து ஒரு நாள் வைத்தார்கள். எங்களைக் குட்டி நாற்காலிகளில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு சதுரத் தாள் கொடுத்தார்கள். ஓரிகாமி. கத்தரி கிடையாது, பசை கிடையாது. மடித்து மடித்தே கொக்கு, தவளை, கப்பல் எல்லாம் வந்துவிடும். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நடை வருகிறபோதே அதுவும் வந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த காகித வேலை ஒன்றுதான். நாற்பது வருடம் கடையில் பொட்டலம் மடித்திருக்கிறேன். அதிலும் ஒரு பழக்கம் உண்டு, கையைப் பார்க்கக் கூடாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் தலையைக் குனிந்து மடித்துக்கொண்டிருந்தேன். என் மாமனார் கல்லாவிலிருந்து சத்தம் போட்டார். "வந்தவன் உன் கையையா பாக்க வந்திருக்கான்? ஆளப் பாரு." வந்தவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். முகத்தைப் பார்த்தால் மரியாதை. அதோடு, அவர் பேச்சோடு பேச்சாக மூட்டையிலிருந்து நாலு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போடுகிறாரா என்றும் தெரியும்.

அன்றைக்கு அந்தப் பாலர் பள்ளியிலும் நான் ஆட்களைத்தான் பார்த்தேன். பார்க்க நிறைய இருந்தது. ஒரு பாட்டி பட்டு அங்கி உடுத்தி வந்திருந்தாள், ஒரு தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் நாற்காலியோடு எழுந்தார். கையைக் குனிந்து பார்த்தபோது, மற்ற எல்லார் முன்னாலும் கொக்கு நின்றது. என் முன்னால் கால் கிலோ சீனிக்கு உண்டான கூம்புப் பொட்டலம், வாயை அழகாகச் செருகியபடி.

நிலாவின் பக்கத்து நாற்காலியில் ஹினா என்று ஒரு பிள்ளை. பட்டு அங்கிப் பாட்டி அவளுடைய பாட்டிதான். ஹினா என் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, உள்ளே எட்டிப் பார்த்து, தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. நிலாவிடம் என்னவோ கேட்டாள். சுற்றி இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நிலா வேகமாக என்னவோ பதில் சொன்னாள். அவளுடைய காது இரண்டும் செம்பருத்திப்பூ மாதிரி ஆகிவிட்டன.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் என் கையைப் பிடிக்கவில்லை.

"ஆச்சி, இனிமே நீ ஸ்கூலுக்கு வரண்டாம்."

"ஏளா, நான் என்ன செஞ்சேன்?"

"தமிழ் பேசாத. ஆள் வாராங்க."

வீட்டுக்குள் என் தமிழ், தெருவுக்கு வந்தால் அவர்கள் பாஷை. பெயர்கூட வாசலில் மாறிவிடும். இந்த ஊர் நாக்குக்கு 'லா' வராது, பள்ளியில் அவள் நிரா. அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். சோறு ஊட்டுகிற நேரத்தில் மட்டும் பழைய நிலா. அந்த நேரத்துக்காக நான் நிறையக் கதை வைத்திருந்தேன். என்னைப் பெற்ற அப்பா முத்துக் குளிக்கப் போய், கடலுக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலை மடித்துப் போட்டுவிட்டுத்தான் மேலே வருவார் என்று சொல்லியிருந்தேன். எங்கள் அப்பா உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி. முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டால் 'தாயே' என்று கத்துகிற ஆள். ஆனால் பிள்ளை வாயைத் திறக்க வேண்டுமே.

3

நிலா முதல் வகுப்பில் சேர்ந்ததும் எனக்குக் காலை நேரம் சும்மா கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஊர்ப் பொதுமன்றம் ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தோறும் ஓரிகாமி வகுப்பு. செல்வியிடம் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். அறுபத்தெட்டு வயதில் பொய் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவள் நானாகத்தான் இருப்பேன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாமல் இருக்கத்தான் பொய் சொன்னேன்.

சொல்லித் தருகிறவள் பெயர் ஹரா. செல்வி வயதுதான் இருக்கும். படிக்க வருகிற எட்டுப் பேரும் என் வயதுக்காரிகள், ஆனால் எல்லாரும் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டவர்கள். மறந்ததை ஞாபகப்படுத்த வந்திருந்தார்கள். முதல் தடவையாகத் தொடுகிறவள் நான் ஒருத்திதான்.

முதல் நாளே கட்டுத் தாளிலிருந்து ஒன்றை எடுக்க, பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டேன். எட்டுப் பேரும் மூச்சை நிறுத்தினார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை என் இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கிண்ணமும் அதில் ஈரப் பஞ்சும் இருந்தன. இந்த ஊரில் திட்டுவது இப்படித்தான்.

அடுத்தது மடிப்பு. பொட்டலத்தில் மடிப்பை நகத்தால் அழுத்த மாட்டோம். அழுத்தினால் பழைய பேப்பர் அந்த இடத்தில் விட்டுவிடும், பருப்பு தெருவெல்லாம் சிந்தும். இங்கே கத்தி மாதிரி அழுத்த வேண்டும். நான் மடித்த தவளை காற்று அடைத்த பூரி மாதிரி உட்கார்ந்திருந்தது. தாவச் சொல்லி அதன் பின்பக்கத்தை அழுத்தினேன். அது மல்லாந்து படுத்துக்கொண்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொந்தரவு என் கண். நான் மடிக்கிறபோது ஜன்னலைப் பார்ப்பேன், பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பேன். ஹரா வந்து நிற்பாள். ஒரு விரலால் தன் கண்ணைத் தொடுவாள், அதே விரலால் என் தாளைத் தொடுவாள். கண், தாள். கண், தாள். நானும் பாவம், பார்ப்பேன். பார்த்த உடனே கைக்கு எல்லாம் மறந்துபோகும். படியில் இறங்குகிறவள் காலையே பார்த்துக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும், அந்த மாதிரி.

கொக்கில் ஒரு இடம் இருக்கிறது. தாளைச் சின்னச் சதுரமாக மடித்து, இரண்டு ஓரத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து, பிரித்து, கீழ் முனையைப் பிடித்து ஒரு இதழைத் தூக்குகிற மாதிரி மேலே தூக்க வேண்டும். ஓரங்கள் தாமாக உள்ளே வந்து படியும். அவர்களுக்குப் படிந்தது. எனக்குக் கிழிந்தது. மூன்று மாதம் அந்த இதழிலேயே நின்றேன்.

4

எங்கள் வீட்டுக்காரரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லாததால் இங்கே நானும் அண்ணாச்சி என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குக் காலைப் பலகாரம் முடிகிற நேரம், அங்கே அவர் கடை திறக்கிற நேரம். போனை மிட்டாய்ப் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு வியாபாரம் பார்ப்பார். நான் இங்கே மேசையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். ஐந்து வருடமாக எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடுகிறது. சண்டைக்குக் குறைவில்லை.

"ஏளா, என்னத்தளா செய்யுத? குனிஞ்சே கெடக்க?"

"கொக்கு செய்யுதேன்."

"கொக்கா? இங்கன உப்பளத்துல எம்புட்டு வேணும்னாலும் நிக்கி. இதுக்கா பிளேன் ஏறிப் போன?"

"நீங்க யாவாரத்தப் பாருங்க. கல்லாவுல கைய வச்சிக்கிட்டு வாயி இங்கன இருக்கு."

"ஒனக்குக் கோட்டி பிடிச்சிட்டு. வயசான காலத்துல காயிதத்த வச்சிக்கிட்டு..."

அவர் முடிப்பதற்குள் எதிர்வீட்டு மல்லிகா கடைக்கு வந்துவிட்டாள். "அண்ணாச்சி, சீனி கால் கிலோ, தொவரம்பருப்பு அரைக்கிலோ, பெருங்காயம் ஒரு டப்பா."

என் கண் தானாகத் திரைக்குப் போய்விட்டது.

"ஏளா மல்லிகா, போன வாரந்தான பெருங்காயம் வாங்கின? சோறா தின்ன அத?"

அவள் திடுக்கிட்டு மேலேயும் கீழேயும் பார்த்தாள். "எக்கா! அங்கன இருந்துக்கிட்டுமா பாக்கிய?"

"எங்கன இருந்தாலும் என் கடதான?"

மூன்று பேரும் சிரித்து முடித்தபோது குனிந்து பார்த்தேன். இதழ் மேலே ஏறிப் படிந்திருந்தது. கிழியவில்லை. நான் தூக்கியது எனக்கே தெரியவில்லை.

"ஏங்க, யாரையாவது இன்னும் நாலு சாமான் கேக்கச் சொல்லுங்க."

"எதுக்குளா?"

"சொல்லுங்கன்னா சொல்லுங்க!"

கைக்குத் தமிழில் யாராவது சாமான் கேட்டால் போதும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஹரா சொல்லித் தந்ததை எல்லாம் கை முன்பே வாங்கி வைத்திருந்தது, கண்தான் குறுக்கே நின்றது. பிறகு எண்ணிக்கையும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் பக்கம் கடையில் அளக்கும்போது 'ஒண்ணு' என்று தொடங்க மாட்டோம். முதல் அளவுக்கு 'லாபம்', அப்புறம் ரெண்டு, மூணு. தாளின் முதல் மடிப்பு லாபம். அதிலிருந்து எண்ணினால் முப்பத்தொன்றில் கொக்கு இறக்கையை விரிக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனை வகுப்புக்கே கொண்டுபோனேன். ஈரப் பஞ்சுக் கிண்ணத்தில் சாய்த்து வைத்தேன். அண்ணாச்சி சரக்குப் பெயர்களை வரிசையாகப் படித்தார், நான் அவர் மூக்கைப் பார்த்தபடி ஒரு கொக்கை முடித்தேன். ஹரா விரலைக் கண்ணுக்குக் கொண்டுபோனவள் அப்படியே இறக்கிவிட்டாள். என் வயதுக்காரிகள் எட்டுப் பேரும் போனைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். மறுவாரத்திலிருந்து அவர்களும், இந்த ஊர் மரியாதைக்கு வாலில் ஒரு 'சான்' சேர்த்து, "அண்ணாச்சி-சான்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் செவ்வாய்க்கிழமை மட்டும் சவரம் செய்துகொள்ளத் தொடங்கினார்.

5

தை மாதம் இங்கே நல்ல குளிர். ஒரு நாள் நிலாவின் பள்ளிப் பையைத் துடைப்பதற்காகக் கவிழ்த்தேன். அடியில் ஒரு கொக்கு கிடந்தது, வெள்ளைத் தாளில். வயிற்றில் எழுத்து தெரிந்தது. முன்பு என்றால் அழகாக இருக்கிறது என்று அலமாரியில் வைத்திருப்பேன். இப்போது எனக்குத்தான் பிரிக்கத் தெரியுமே! முப்பத்தொன்றிலிருந்து பின்பக்கமாக எண்ணிப் பிரித்தேன்.

பள்ளிக்கூடத்து அறிவிப்பு. எழுத்து புரியவில்லை. படம் புரிந்தது. ஒரு கிழவியும் கிழவனும், பம்பரம், கொக்கு. பழைய விளையாட்டுகளைச் சொல்லித் தர வீட்டுப் பெரியவர்களை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

நிலா வந்து, பிரித்த தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நிலாக்குட்டி, இது என்னது?"

"கொக்கு."

"கொக்கு வயித்துல என்ன எழுதியிருக்கு?"

அவள் தாளை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தாள்.

"ஆச்சி வந்தா வெக்கமா இருக்கும்னு ஒளிச்சு வச்சியா?"

அவள் தலையைப் பலமாக ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு உதடு பிதுங்கியது.

"ஆச்சி, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

"ஒண்ணே ஒண்ணா?"

"பெருசு."

பாலர் பள்ளியில் அன்றைக்கு ஹினா கேட்டிருக்கிறாள்: உன் பாட்டிக்குக் கொக்கு தெரியாதா, தாளைப் பார்க்கக்கூட இல்லையே. இவள் உடனே சொல்லியிருக்கிறாள்: எங்கள் ஆச்சி எதையும் பார்க்காமல்தான் மடிப்பாள், கொக்கும் பார்க்காமல் செய்வாள், அன்றைக்குச் சும்மா விளையாட்டுக்கு அப்படிச் செய்தாள். ஹினா நம்பவில்லை. இவள் விடவில்லை. இரண்டு பேரும் இப்போது முதல் வகுப்பிலும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். பேச்சு வகுப்பு முழுக்கப் பரவி, டீச்சர் வரைக்கும் போய்விட்டது.

"நீ வரலன்னா பொய்யின்னு யாருக்கும் தெரியாது, ஆச்சி. வந்தா தெரிஞ்சிரும். ஹினா எல்லார்கிட்டயும் சொல்லிருவா. அப்புறம் நான் என்ன சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

பொய் சொல்லக் கூடாது என்று புத்தி சொல்ல வேண்டிய நேரம் அது. ஆனால் கடலுக்கு அடியில் வெற்றிலை போட்ட அப்பாவை வைத்துக்கொண்டு நான் எந்த வாயால் சொல்ல? அதோடு, இத்தனை நாள் பிள்ளை என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்காகச் சண்டை போட்டுவிட்டு, அதில் மாட்டிக்கொண்டு திணறுகிறாள். சந்தோஷத்தில் எனக்குத்தான் காது சிவந்தது.

"சரி, நீ சொன்னது பொய்யின்னு யாரு சொன்னா?" என்றேன்.

அண்ணாச்சியைப் போனில் கூப்பிட்டேன். அவர் சரக்குகளைச் சொல்லச் சொல்ல, நிலாவின் முகத்தைப் பார்த்தபடி ஒரு கொக்கு மடித்தேன். அவள் கீழே கொக்கைப் பார்த்தாள், மேலே என்னைப் பார்த்தாள், கொக்கை எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினாள். திரும்பி வந்து, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். "அப்ப நீ வரலாம், ஆச்சி."

6

பள்ளிக்கூடம் கூப்பிட்ட அன்றைக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவி, மயில்கழுத்து நிறச் சேலை கட்டிக்கொண்டு போனேன். தூத்துக்குடியில் அண்ணாச்சியும் காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு கல்லாவில் காத்திருந்தார்.

வகுப்பில் ஒரு மூலையில் பம்பரம், ஒரு மூலையில் பந்து. எங்கள் மேசையில் காகிதம். ஹினா தன் பாட்டியோடு எதிரே உட்கார்ந்து, வகுப்பையே கூட்டிவிட்டாள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பம்பரத்தை விட்டுவிட்டு எல்லாப் பிள்ளைகளும் எங்கள் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

நான் போனை எடுத்துப் பென்சில் பெட்டியில் சாய்த்தேன். டீச்சர் ஓடி வந்தாள். மூன்று தடவை குனிந்து வணங்கினாள். வகுப்புக்குள் போன் கூடாதாம். பிள்ளைகள் படத்தில் விழுந்துவிடக் கூடாதாம். திரையில் அண்ணாச்சி, "என்னளா, என்ன சொல்லுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அணைத்துப் பைக்குள் போட்டேன்.

பச்சைத் தாள் ஒன்று என் கைக்கு வந்தது. ஹினாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தொடங்கினேன். லாபம், ரெண்டு, மூணு, நாலு. பன்னிரண்டு வரை வந்தது. பிறகு நின்றது.

அறையில் ஒரு சத்தம் இல்லை. பெரியவள் ஒருத்தி மடிக்கிறபோது பேசக் கூடாது என்று பிள்ளைகள் எல்லாம் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். இந்த ஊர் மரியாதை என்னைக் கொன்றது. ஒரு வாய் திறந்து ஒரு சாமான் கேட்டால் போதும், அதைக் கேட்க அந்த அறையில் ஆள் இல்லை. விரல் தாளின் ஓரத்தைத் தடவியது, ஓரம் எது என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் என் கண் கீழே இறங்கத் தொடங்கியது.

ஹினா அதைப் பார்த்துவிட்டாள். விரலை நீட்டினாள்.

அப்போது என் தோளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

"ஆச்சி! சீனி கால் கிலோ!"

நிலா. வாசலுக்கு வெளியே வாயில் தமிழே வராத பிள்ளை. வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. காது இரண்டும் மறுபடி செம்பருத்தி. ஆனால் நிறுத்தவில்லை.

"தொவரம்பருப்பு அரைக்கிலோ!"

என் கண் மேலே ஏறி அவள் முகத்தில் நின்றது. கை நகர்ந்தது. பதிமூணு, பதினாலு.

"வேற என்ன வேணும்?"

"கருப்பட்டி!"

"வட்டுக் கருப்பட்டியா, சில்லுக் கருப்பட்டியா?"

அவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. "ரெண்டும்!"

"ரெண்டையும் வாங்கி என்னளா செய்யப் போற?"

"திம்பேன்! பெருங்காயம் ஒரு டப்பா!"

"அதையும் திம்பியா?"

அவள் சிரித்துவிட்டாள். மேல் பல் இரண்டு விழுந்திருந்தது, ஒன்றின் இடத்தில் புதுப் பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. இடது புருவத்துக்குள் ஒரு மச்சம் இருந்தது. ஐந்து வருடம் குளிப்பாட்டி, தலை துவட்டியிருக்கிறேன். அந்த மச்சத்தை நான் பார்த்ததில்லை. அசையாமல் ஒரு இடத்தில் நின்று இவ்வளவு நேரம் தன் முகத்தை அவள் எனக்குக் காட்டியதே இல்லை. சாமான் பெயர் அவளுக்குத் தீர்ந்துபோய், சீனியிலிருந்து மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை இரண்டு மூன்று பிள்ளைகளும் அர்த்தம் தெரியாமல் கூடவே சொன்னார்கள். பிறகு எல்லாரும்.

முப்பது. முப்பத்தொண்ணு. இறக்கையை இழுத்துவிட்டு மேசையில் வைத்தேன். வயிறு கொஞ்சம் பருத்து, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்த கொக்கு. எங்கள் உப்பளத்தில் வெயிலுக்கு ஒதுங்குகிற கொக்கு அப்படித்தான் நிற்கும்.

ஹினா அதை எடுத்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், தலைகீழாகக் கவிழ்த்தாள். பிறகு அவளுடைய பாட்டியிடம் என்னவோ சொன்னாள். பாட்டி எழுந்து எனக்குக் குனிந்து வணங்கினாள். ஹினா ஒரு மஞ்சள் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"சீனி, கா கிரோ," என்றாள்.

வாடிக்கை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மடித்துக் கொடுத்தேன்.

7

திரும்பி வருகிற வழியில் நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் ஆள் போய்க்கொண்டிருந்தது, அவள் தமிழில் பேசிக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பேச்சு நின்றது. இவள் பேசாமல் வந்தால் எங்கேயோ எதையோ உடைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

"என்னளா?"

"ஆச்சி, ஹினா கேட்டா. உங்க ஆச்சிக்கு வேற என்ன தெரியும்னு."

"நீ என்ன சொன்ன?"

"தண்ணிக்குள்ள."

"என்னது தண்ணிக்குள்ள?"

"தண்ணிக்குள்ள மூச்சப் பிடிச்சிக்கிட்டு கொக்கு மடிப்பாங்கன்னு சொல்லிட்டேன். உங்க அப்பா வெத்தல போட்டாருல்லா, அதே மாதிரி."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"எப்ப செஞ்சு காட்டுவேன்னு சொன்ன?"

"ரெண்டாங் கிளாஸ்ல." அவள் என்னை ஏறிட்டுப் பார்க்காமல், என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். "நீ வரலன்னா எல்லாரும் என்னப் பொய்க்காரின்னு சொல்லுவாங்க. அதனால நீ வந்துதான் ஆகணும்."

அட்டையைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். என் மாமனார் இருந்திருந்தால் இந்தப் பிள்ளையை அப்போதே கல்லாவில் தூக்கி உட்கார வைத்திருப்பார்.

செல்வியிடம் சொன்னேன். அவள் முதலில் என்னைத் திட்டினாள், பிறகு மகளைத் திட்டினாள், பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, சொந்தக்காரர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கான விசா பாரத்தை எடுத்துப் பார்த்தாள். அதில் எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டு ஒரு கட்டம் இருக்கிறதாம். மகளைப் பார்க்க என்று போட்டால் போதும் என்கிறாள். உள்ளதை எழுது என்கிறேன் நான். அவளுக்கு இதிலும் சிரிப்பு வரவில்லை. ஆனால் திரும்பிக்கொண்டபோது தோள் குலுங்கியது.

அண்ணாச்சி வழக்கம்போல எனக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்றார். ஐந்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"ஏளா, சாதாத் தாளு தண்ணியில ஊறிப் போகும்லா. மிட்டாய் மடிக்கிற மெழுகுத்தாள் அனுப்பட்டா?"

"சதுரமா வெட்டி அனுப்புங்க."

"எம்புட்டு?"

"ஒரு கட்டு. நெறைய நனையும்."

இந்த ஊர்க் குளியல் தொட்டி உட்கார்ந்தால் கழுத்தளவு வரும், தண்ணீரும் இதமான சூடு. கடல் என்று கண்ணை மூடி நினைத்துக்கொள்ளலாம். தாள் வந்து சேருகிற வரை மூச்சை மட்டும் பழகிக்கொண்டிருக்கிறேன். தலையை உள்ளே முக்கி, வெறுங்கையை மடித்து மடித்து, மனசுக்குள் எண்ணுகிறேன். லாபம், ரெண்டு, மூணு... நேற்று இருபத்தேழு வரை வந்தது. கொக்குக்கு இன்னும் நாலுதான்.